பத்துக் கிலோ திருநீறு

அத்தியாயம் 4

ரவிச்சந்திரனின் இடது கையில் மூன்று விரல்கள் முறிந்திருந்தன. மிச்ச இரண்டையும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. காதிலிருந்து தோள்வரை வெள்ளைத் துணிக்கட்டு. அதன் ஓரத்தில் தோல் வெந்து நீர் கோத்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு இந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டே நான் பட்டர் பூசிய பாண் சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட்டேன். பசி ஆரைக் கேட்டு வருகிறது?

நான் லவன். போன வருடம் வரை ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் பார்சல் வண்டி ஓட்டினேன். மேலாளரிடம் வாய் காட்டியதால் வேலை போனது. இப்போது ரஞ்சினி அக்காவின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். அக்காவிடமும் வாய் காட்டுகிறேன். அவர் இன்னும் என்னைத் துரத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். தமிழ்ப் பொய்களை வரி தவறாமல் ஜேர்மனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பொய்யைப் பிடிக்கிற வேலைக்கு வந்துவிட்டார்.

"முதலிலை இருந்து சொல்லுங்கோ" என்றார் அக்கா.

"போன வெள்ளி காலமை. நானும் எவ்லினும் தேயிலைப் பட்டறையிலை நிண்டனாங்கள். முகத்தை மூடிக்கொண்டு மூண்டு பேர் வந்தாங்கள். ஒருத்தன் என்ரை கையை மேசையிலை வைச்சு சுத்தியலாலை அடிச்சான். மற்றவன் நெருப்புக் கரியை அள்ளிக் கழுத்திலை கொட்டினான். ரெண்டு நிமிசம்கூட இல்லை அக்கா. எவ்லினைத் தலைமயிரிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போட்டாங்கள்."

"பொலிஸ்?"

"பொலிசுக்குப் போனால் அவளை உயிரோடை விடமாட்டம் எண்டவங்கள்."

எவ்லின் மன்னார்க் குடும்பத்துப் பெண். தாய்வானில் நான்கு வருடம் கரியடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து தேயிலை வறுக்கப் பழகியவள். ரவிச்சந்திரன் அவளுடைய பங்காளி. இலையை இறக்குவது அவர், வறுப்பது அவள். சாதாரண இலையல்ல, ஊலோங். பச்சைத் தேயிலையும் இல்லை, எங்கள் வீட்டுச் சாயத் தேயிலையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாதி. அதிலும் இது ஒரு மலைப்பாறைச் சரிவில் உள்ள சில கிழட்டுச் செடிகளில் மட்டும் கிள்ளுவது. வருடத்துக்குப் பன்னிரண்டு கிலோ. அதைக் கரிச் சூட்டில் மெல்ல மெல்ல மூன்று தரம் வறுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு கிலோவும் எவ்லினோடு காணாமல் போயிருந்தது.

ரவிச்சந்திரன் நல்ல கையால் ஒரு சின்ன வெள்ளிப் பையை மேசையில் வைத்தார்.

"டுசல்டோர்வ் வியாபாரி ஒருத்தருக்கு நேற்றுத் தபாலிலை வந்தது. அனுப்பின ஆளின்ரை விலாசம் இல்லை. ஆனால் இது எவ்லின்ரை கை. அவங்கள் அவளை அடைச்சு வைச்சு வறுப்பிக்கிறாங்கள், அக்கா. அந்த வியாபாரி சொல்றார், இதிலை ஒரு சந்தன வாசம் இருக்காம். முப்பது வருசத்திலை இப்பிடி ஒண்டைத் தான் குடிச்சதில்லையாம்."

அக்கா கேத்தலைப் போட்டார். மூடியுள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் கறுத்துச் சுருண்ட இலையைப் போட்டு, கொதிதண்ணியை ஊற்றி, அதை அப்படியே சிங்கில் கவிழ்த்தார். இரண்டாம் தண்ணியைத்தான் கோப்பைகளில் வடித்தார்.

"பாலும் சீனியும் எங்கை அக்கா?"

"வாயை மூடிக்கொண்டு குடி."

வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்க வந்ததை விழுங்கிவிட்டுக் குடித்தேன். முதலில் வறுத்த எள்ளு. பிறகு நெருப்பு. விழுங்கிய பிறகு தொண்டைக்குள் பனங்கட்டி மாதிரி ஒரு இனிப்பு எழும்பி வந்து அங்கேயே இருந்தது. இவ்வளவு காலமும் நான் குடித்தது தேத்தண்ணி இல்லையோ என்று எனக்கு ஒரு கோபமே வந்தது. அதற்குள் இன்னொரு வாசமும் இருந்தது. தெரிந்த வாசம்.

"டுசல்டோர்வ்காரருக்குச் சந்தனம். உனக்கு என்ன மணக்குது?" என்றார் அக்கா.

"எனக்கு ஐயர் தட்டை நீட்டுற மாதிரிக் கிடக்குது. திருநீறு."

அக்கா தலையாட்டினார். "கரி நேரடியாகச் சுட்டால் இலை கருகிப்போம். அதாலை நெருப்புக்கு மேலை மாவு மாதிரிச் சாம்பலைப் போட்டு மூடிவிடுவினம். அந்தச் சாம்பலுக்குள்ளாலை வாற சூடுதான் வறுக்கிறது. தாய்வானிலை எண்டால் உமிச் சாம்பல் இருக்கு. இங்கை ஜேர்மனியிலை அவ்வளவு மெல்லிய சாம்பலை எங்கை வாங்கலாம்?"

"தமிழ்க் கடையிலை. சந்தனம் கலந்து, பக்கெட்டிலை."

"நாக்கிலை சுள்ளெண்டு நிக்குதே, அது புதுச் சூடு. அது அடங்க மாசக்கணக்காகும். இதை வறுத்து ஒரு கிழமைகூட ஆகேல்லை."

"அப்ப ஆள் உயிரோடை?"

"வறுக்கேக்கை உயிரோடை."

ரவிச்சந்திரனின் கண் கலங்கியது. பட்டறையை அன்றைக்கே கைபேசியில் படம் எடுத்ததாகச் சொல்லிக் காட்டினார். நிலத்தில் இரத்தம். ஒரு பிடி தலைமயிர், வேரோடு. மூங்கில் கூடைகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. நடுவில் கரிக் குழி. அதன்மேல் சாம்பல், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போலக் கரண்டியால் தடவி ஒப்பமாக்கியிருந்தது. அக்கா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்து நெடுநேரம் பார்த்தார்.

"இதை எப்ப எடுத்தனீங்கள்?"

"அவங்கள் போன கையோடை. ஒண்டையும் தொடேல்லை."

"சரி. நீங்கள் வீட்டை போங்கோ. நான் ரெலிபோன் எடுக்கிறன்."

*

அக்கா ஏழு தமிழ்க் கடைகளுக்கு ஒரே கேள்வியோடு ரெலிபோன் எடுத்தார். ஆராவது கிலோக்கணக்கில் திருநீறு வாங்கினார்களா? ஆறு பேர் சிரித்தார்கள். ஏழாமவர் எசன் நகரத்து நவரத்தினம். அவர் சிரிக்கவில்லை, நேரில் வரச் சொன்னார்.

நவரத்தினத்தின் கடையில் புட்டுமாவும் பூசைச் சாமானும் ஒரே ராக்கையில் இருந்தன. அவருடைய நெற்றியில் மூன்று கோடு, சந்தனம், குங்குமம், அதற்குமேல் பெருமை.

"பத்துக் கிலோ, பிள்ளை. முப்பது வருசக் கடையிலை கோயில்காரர்கூட ஒருக்கா அவ்வளவு வாங்கேல்லை. சனிக்கிழமை ஒரு பிள்ளை ரெலிபோனிலை கேட்டது. பேர் லவினியா."

"லவினியா எண்ட பேருக்குத் திருநீறு என்னத்துக்கு அண்ணை?" என்றேன்.

"பேரிலை என்ன கிடக்கு? பக்தியெல்லோ முக்கியம். வாசமில்லாத வெறும் திருநீறு போதும் எண்டுதான் அந்தப் பிள்ளை சொன்னது. நான் விடுவனே? சந்தன ஸ்பெஷல் குடுத்தனான், அதே விலைக்கு. ஒரு முருகன் படமும் சும்மா வைச்சனான். புண்ணியம்தானே."

அக்கா என்னைப் பார்த்தார். டுசல்டோர்வில் ஒரு மனிதர் முப்பது வருடத்தில் குடித்திராத தேத்தண்ணி, இந்தப் புண்ணியத்தில் வந்தது.

"எங்கை கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்?"

"ஒரு கார்ட்டனிலை. நகரசபை வாடகைக்கு விடுற தோட்டத் துண்டுகள் இருக்கெல்லோ, ஒவ்வொண்டிலும் ஒரு சின்ன மரக்குடில். நாப்பத்தோராம் நம்பர். படலையடியிலை வைச்சிட்டுப் போகச் சொன்னது. சன்னலாலை புகை வந்தது. ஓமம் வளர்க்கினமாக்கும் எண்டு நினைச்சன்."

விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்தேன். கடைக்காரரிடம் கதை பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அக்காவின் கொள்கை. இரண்டு தேங்காய் வாங்கினார்.

வெளியே காரின் கதவைத் திறந்தேன். அடுத்த கணம் என் முகம் அந்தக் கதவின் விளிம்பில் இருந்தது. மூக்குக்குள் மடக்கென்று ஒரு சத்தம். வாய் முழுக்க உப்பு. திரும்ப முதல் விலாவில் ஒரு உதை, இரும்பு வைத்த சப்பாத்து. நான் ஈரத் தரையில் விழுந்தேன். ஆள் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தலையைப் பிடித்து நிலத்தில் ஒரு தரம் மோதினான். இன்னொரு தரமும் மோதினான்.

"துண்டைத் தா" என்றான். நல்ல தமிழ்.

"வரிசையிலை வாங்கோ" என்றேன். வாய் எனக்கு எப்போதும் உடம்பைவிட ஒரு நிமிடம் பின்னால்தான் நிலைமையை அறியும். அதற்கு மூன்றாவது மோதல் கிடைத்தது.

சட்டைப் பைக்குள் அவனுடைய கை போனபோதுதான் அக்கா வந்தார். கத்தவில்லை. தேங்காய்ப் பையைத் தோளுக்கு மேலாகச் சுழற்றி அவனுடைய பிடரிக்கு மேலே ஒரே போடாகப் போட்டார். பிள்ளையாருக்கு உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அவன் என்மேல் சரிந்து, எழும்பி, சுவரில் இடித்து, இரத்தம் ஒழுக ஒழுகச் சந்துக்குள் ஓடினான்.

அக்கா பைக்குள் பார்த்தார். "ஒண்டு உடைஞ்சுபோச்சு."

"எனக்கும்தான் அக்கா. மூக்கு."

"இரு, பஞ்சு வாங்கிக்கொண்டு வாறன்" என்று கடைக்குள் போனார்.

நான் காருக்குள் இருந்து யோசித்தேன். கடத்தினவர்கள் எங்கள் பின்னால் நிற்கிறார்கள். அந்தக் குடிலுக்குள் போய் நாங்கள் திரும்பி வராவிட்டால்? ஒருவருக்காவது இடம் தெரிந்திருக்க வேண்டும். ரவிச்சந்திரனுக்கு ரெலிபோன் அடித்தேன். விலாசத்தைச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் எடுக்காவிட்டால் பொலிசைக் கூப்பிடுங்கோ என்றேன். அவர் ரெலிபோனில் விம்மினார். எனக்கும் கண்ணீர் வந்தது, மூக்கு உடைந்ததாலும் இருக்கலாம். நல்ல காரியம் ஒன்று செய்த நிம்மதியோடு கண்ணை மூடினேன்.

*

மூக்குக்குள் பஞ்சு அடைத்து, நவரத்தினம் தந்த உறைந்த மரவள்ளிப் பக்கெட்டை நெற்றியில் வைத்து, இரத்தம் நிற்கும்வரை இருந்து புறப்பட அரை மணித்தியாலம் போனது. கார்த்திகை மாதத்து மழைத் தூறல். தோட்டங்களில் ஒரு சனமும் இல்லை. நாற்பத்தோராம் நம்பர் படலையில் அக்கா நின்றார்.

"உள்ளுக்கை போக முதல் ஒண்டு. எவ்லினை ஒருத்தரும் கடத்தேல்லை."

"என்ன?"

"படத்திலை சாம்பலைப் பாத்தனியே? நெருப்பை அப்பிடி மூடி, வெடிப்பில்லாமல் தடவ அரை மணித்தியாலம் வேணும். ரெண்டு நிமிசத்திலை தலைமயிரிலை இழுபட்டுப் போனவள் எப்ப தடவினவள்? தன்ரை அடுப்பைத் தானே ஆறுதலாய் மூடிப்போட்டு, நடந்து போயிருக்கிறாள். அந்தாள் சொன்னது முழுப் பொய். அவள் அவரிட்டை இருந்துதான் தப்பி ஓடியிருக்கிறாள். எங்களை வைச்சுத் தேடுறார். உன்னை அடிச்சவனும் அவரின்ரை ஆளாய்த்தான் இருக்கும்."

நான் சட்டைப் பையிலிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அக்கா, இதை ஏன் எனக்குக் காலமையே சொல்லேல்லை?"

"உன்ரை வாய்க்குப் பயந்துதான்."

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பது நடக்காத காரியம். அக்கா மெல்லத் திரும்பினார்.

"ஆருக்குச் சொன்னனி?"

"ரவிச்சந்திரனுக்கு."

"எப்ப?"

"அப்பவே, நீங்கள் பஞ்சு வாங்கப் போகேக்கை. எங்களுக்கு ஏதும் நடந்தால் எண்டு."

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பொலிசுக்கு ரெலிபோன் எடுத்து இரண்டே வசனத்தில் இடத்தைச் சொன்னார். பிறகு குடிலின் கதவைத் தட்டித் தமிழில் சொன்னார்.

"எவ்லின், நான் ரஞ்சினி. கோட்டிலை எங்கடை சனத்துக்கு மொழிபெயர்த்தனான். கதவைத் திற. அவர் வாறார்."

கதவு திறந்தது. முதலில் ஒரு சுத்தியல் தெரிந்தது. அதன் பின்னால் எவ்லின். ஒரு கண் வீங்கி ஊதா நிறத்தில் மூடிப்போயிருந்தது. உச்சந்தலையில் இரண்டு யூரோ நாணயம் அளவுக்கு மயிர் இல்லை, காய்ந்த இரத்தம் மட்டும். கீழுதடு பிளந்திருந்தது.

குடிலுக்குள் சன்னல்கள் இரண்டும் மழைக் குளிருக்குத் திறந்து கிடந்தன. கரிப்புகை ஆளைக் கொல்லும், அது அவளுக்குத் தெரியும். நிலத்தில் மூன்று இரும்புச் சட்டிகள். இரண்டின்மேல் மூங்கில் கூடைகள், அவற்றில் கறுத்த இலை. மூன்றாவது சட்டியில் கரி வெறுமனே கனன்றது. சுவரில் நவரத்தினத்தின் முருகன்.

"உங்கடை இடம் எப்பிடிப் பிடிச்சனாங்கள் எண்டு கேக்கேல்லையே" என்றேன். பயத்தில் வாய் தன்பாட்டில் ஓடியது.

"திருநீறு" என்றாள். "வாசமில்லாததுதான் கேட்டனான். முதல் வறுப்பிலை மணம் ஏறிட்டுது. பிறகு சாம்பலைச் சிவக்க எரிச்சுத்தான் போக்கினன்."

"என்ன நடந்தது?" என்றார் அக்கா.

எவ்லின் கூடைக்குள் இலையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். ரவிச்சந்திரன் மலிவு இலையைக் கருக்கி, நாற்பது வருடம் வைத்துப் பழுத்த ஊலோங் என்று டுசல்டோர்வ்காரருக்கு விற்றிருக்கிறார். பெட்டியில் வறுப்பு மாஸ்டர் என்று தன்னுடைய பெயர். அடியில் எவ்லினின் முத்திரை. அது தெரியவந்ததும், இனி முத்திரை குத்தமாட்டேன் என்று அவள் மறுத்தாள்.

"என்ரை கையைத்தான் முதல் மேசையிலை வைச்சவர். கண்ணிலை குத்தினார். தலைமயிரைப் பிடிச்சு இழுத்தார். சுத்தியல் கீழை விழுந்தது. நான் எடுத்தன். மூண்டு தரம் அடிச்சன். பிறகும் வந்தார். கரியை அள்ளிக் கொட்டினன். மயங்கிட்டார்."

"பிறகு அடுப்பை மூடினனீர்?"

"நெருப்பை அப்பிடியே விட்டிட்டு வர மனம் வரேல்லை அக்கா."

ஒரு மனிதன் இரத்தத்தில் கிடக்க, இவள் பக்கத்தில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் சாம்பல் தடவியிருக்கிறாள். நான் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.

"பொலிசுக்கு ஏன் போகேல்லை?"

"பொலிசுக்கு நாக்கில்லை. டுசல்டோர்வ் மனிசனுக்கு நாக்கு இருக்கு. நாளைக்கு அங்கை ருசி பாக்கிற கூட்டம். உண்மையானதும் போலியும் பக்கத்திலை பக்கத்திலை வைக்கவேணும். தண்ணி ஊத்தினால் நல்ல இலை விரியும், நடுவிலை பச்சை, ஓரத்திலை சிவப்பு. கருக்கினது விரியாது, சுருண்டே கிடக்கும். அதுதான் என்ரை சாட்சி. கடிதம் எழுதி மாதிரியும் அனுப்பினன். நீங்கள் வந்ததைப் பாத்தால், அந்தாள் அதைக் கொண்டுபோய் இவரிட்டையே குடுத்திருக்கிறார்."

"வெளிக்கிடு. கார் நிக்குது."

"மூண்டாம் சூடு, அக்கா. இன்னும் அரை மணித்தியாலம். இப்ப இறக்கினால் இலை புளிச்சுப்போம். இது இல்லாட்டி நாளையிலையிருந்து நான்தான் கள்ளி. அந்தப் பெட்டியிலை கிடக்கிறது என்ரை முத்திரை."

ரோட்டில் ஒரு கார் நின்றது. இரண்டு கதவு சாத்திய சத்தம் கேட்டது.

எவ்லின் ஒரு விசித்திரமான வேலை செய்தாள். ஓடவில்லை, கதவைப் பூட்டவும் இல்லை. மூலையில் மிச்சமிருந்த திருநீற்றுப் பக்கெட்டுகளைக் கிழித்து மூன்றாவது சட்டியில் கொட்டினாள். கனன்ற கரி மறைந்தது. கரண்டியால் நாலு தடவு தடவினாள். வெள்ளைச் சாம்பல் குவியல், செத்த அடுப்பு மாதிரி. அடி மண்டையில் பட்டிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன்.

கதவு உதைபட்டுத் திறந்தது. முன்னால் வந்தவன் என்னுடைய ஆள், பிடரியில் துணி கட்டியிருந்தான். கையில் இரும்புக் கம்பி. நான் எழும்ப முதல் அது என் முழங்காலில் விழுந்தது. விழுந்த என் கழுத்தில் சப்பாத்தை வைத்து அமத்தினான்.

"மெல்ல, ஜோன்சன். அவனுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறன்" என்றபடி ரவிச்சந்திரன் உள்ளே வந்தார். "விலாசம் தந்த தம்பி."

அவர் எவ்லினின் மிச்சமிருந்த தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். மேசையில் கிடந்த அவளுடைய சுத்தியல் நிலத்தில் விழுந்தது. அதைக் காலால் இழுத்துக் குனிந்து எடுத்தார். முறிந்த கையின் முழங்கையால் அவளுடைய முதுகை அமத்திக்கொண்டார்.

"எந்தக் கையாலை சூடு பாக்கிறனி? வலது. எனக்குத் தெரியும். முதலிலை இலை எங்கை? கூடையிலை ரெண்டு கிலோவும் இல்லை."

சுத்தியல் இறங்கியது. அவளுடைய சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மேசைப் பலகை பிளந்தது.

"அடுத்தது விரல்."

"விடு, ரவிச்சந்திரன்" என்றார் அக்கா. சுவரோடு நின்றார், தேங்காய்ப் பை காலடியில். "பொலிஸ் வருது."

"வர முதல் போயிடுவன். எங்கை?"

"சாம்பலுக்குள்ளை" என்றாள் எவ்லின். மேசையில் ஒட்டிய வாயிலிருந்து இரத்தமும் சொல்லும் சேர்ந்து வந்தன. "அந்த அணைஞ்ச சட்டி. ரின்னிலை போட்டு அடியிலை தாட்டு வைச்சிருக்கிறன். ஈரம் பிடிக்காது."

ரவிச்சந்திரன் சட்டியைப் பார்த்தார். புகை இல்லை. சிவப்பு இல்லை. பத்து வருடம் தேயிலை விற்ற மனிதர், பெட்டி பெட்டியாக வறுப்பு மாஸ்டர் என்று பெயர் போட்டவர். சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து, நல்ல கையை முழங்கை வரைக்கும் அந்தத் திருநீற்றுக்குள் விட்டார்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மணத்தையும் எழுதப்போவதில்லை. நீறு பூத்த நெருப்பு என்று நாங்கள் சும்மா வாயால் சொல்லித் திரிகிறோம். அன்றைக்குத்தான் பார்த்தேன். கையை இழுத்தபோது கரி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் நிலத்தில் விழுந்து உருண்டார்.

ஜோன்சனின் சப்பாத்து என் கழுத்திலிருந்து எழும்பியது. நான் அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக் கணுக்காலுக்கு மேலே கடித்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, வாய்தான் என்னுடைய ஆயுதம். அவன் கம்பியை ஓங்கினான். அப்போது அக்கா பைக்குள் கை விட்டு இரண்டாவது தேங்காயை எடுத்தார். எடுத்து, கையில் ஒருமுறை நிறை பார்த்தார். ஜோன்சன் அதைப் பார்த்தான். பிடரியைத் தடவினான். கம்பியைக் கீழே போட்டான்.

"இரு" என்றார் அக்கா. அவன் இருந்தான்.

எவ்லின் மேசையிலிருந்து நிமிர்ந்தாள். சுத்தியல் அவளுடைய கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தாள். நிலத்தில் முனகிய மனிதரை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன், அடிக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

"ஒருநாள் வறுத்தவன்கூட உதுக்குள்ளை கை வைக்கமாட்டான்" என்றார் அக்கா மெதுவாக. "இனி அவர் மாஸ்டர் இல்லை எண்டதுக்கு இலை மட்டுமில்லை, நாங்கள் மூண்டு பேரும் சாட்சி. போதும், பிள்ளை."

எவ்லின் சுத்தியலைச் சன்னலால் வெளியே எறிந்தாள். கலைந்துபோன சாம்பலைப் பார்த்தாள். கரி திறந்து கனன்று, பக்கத்துக் கூடைகளுக்குச் சூடு ஏறிக்கொண்டிருந்தது. அவசரமாக முழங்காலில் இருந்தாள். கரண்டி பிடிக்க முடியவில்லை, இரண்டு தரம் நழுவியது.

"இந்த இடம் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் நிமிராமல். "லவினியா எண்டது என்ரை ஞானஸ்நானப் பேர், அவருக்கே தெரியாது. இவர்தான் விலாசம் தந்தவர் எண்டாரே, அது உண்மையோ?"

அக்கா வாயைத் திறந்தார். என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. மற்றவர்களுடைய பொய்யையே காவித் திரிந்த மனுசிக்குச் சொந்தமாக ஒரு பொய் எனக்காக வேண்டாம்.

"நான்" என்றேன். "நான்தான் சொன்னனான். உதவி எண்டு நினைச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். உடைந்த மூக்கு, வீங்கிய முழங்கால், கழுத்தில் சப்பாத்துத் தடம். ஏதாவது பகிடி சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் கரண்டியை என் கையில் தந்தாள்.

"அப்ப நீங்கள் தடவுங்கோ. ஓரத்திலையிருந்து நடுவுக்கு. ஒரு வெடிப்பும் இருக்கக் கூடாது. அரை மணித்தியாலம்." கூடையில் இலையைப் புரட்டினாள். "கதைக்கக் கூடாது. மூச்சுப் பட்டால் சாம்பல் பறக்கும்."

தடவினேன். வெள்ளைச் சாம்பல் நெருப்பின்மேல் மெல்ல மெல்ல மூடியது. கூடையிலிருந்து எள்ளு வாசம் எழும்பியது. தூரத்தில் சைரன் கேட்டது, கிட்ட வந்தது, நின்றது. சப்பாத்துகள் உள்ளே வந்தன. இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எவ்லினின் தலைக்கு மருந்து கட்டினார்கள். அவள் கூடையைவிட்டு நகர மறுத்தாள்.

ஒரு பொலிஸ்காரர் என் பக்கத்தில் குனிந்து என்னுடைய பெயரைக் கேட்டார். திரும்பவும் கேட்டார். நான் கரண்டியை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தேன்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் அக்கா, கோட்டில் பேசுகிற அதே சுத்தமான ஜேர்மனில். "இவரால் இன்னும் இருபது நிமிடத்துக்குப் பேச முடியாது."